இரண்டு கடிதங்களும் ஒரு நீல டிரம்மும்

நீல டிரம்மின் வயிற்றில் ஒட்டியிருக்கும் சீட்டில் நிகர எடை 232 கிலோ என்று போட்டிருக்கும். அதற்குக் கீழே 102-71-6 என்று ஓர் எண். ட்ரைஎத்தனாலமைன் என்ற வேதிப்பொருளுக்கு உலகம் முழுக்க அதுதான் அடையாள எண். எங்கள் ஸ்டோர்ஸில் யாரும் அதை முழுப்பெயர் சொல்லி அழைத்ததில்லை, டி.இ.ஏ. என்பார்கள். பாகு மாதிரி கெட்டியாக, லேசான அம்மோனியா வாடையோடு இருக்கும். மார்கழிக் காலையில் இன்னும் இறுகிப்போய் பம்ப்பில் ஏற மறுக்கும். அம்பத்தூர் லேத் பட்டறையில் ஊற்றும் கட்டிங் ஆயிலில் அது உண்டு. முகத்தில் பூசும் கிரீமில் உண்டு. சிமெண்ட் ஆலையில் கிளிங்கர் நன்றாக அரைபடவும் அதைச் சேர்ப்பார்கள்.

அதே பொருள், ரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கையின் மூன்றாம் அட்டவணையில் பதினேழாவது பெயர். அந்த அட்டவணையின் கடைசிப் பெயரும் அதுதான். நைட்ரஜன் மஸ்டர்டு என்ற கொப்புள நச்சுக்கு மூலப்பொருளாக அதைத் திருப்பிவிட முடியும் என்பதால் அங்கே இடம்பெற்றது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில் 1991இல் தட்டச்சுப் பணிக்குச் சேர்ந்தேன். 2022இல் ஏற்றுமதி ஆவணப் பிரிவின் பொறுப்பாளராக ஓய்வு பெற்றேன். பொன்னேரியிலிருந்து மின்சார ரயிலில் கவரைப்பேட்டையைத் தாண்டினால் கும்மிடிப்பூண்டி. முப்பத்தொரு ஆண்டு அதே தடம். பேரழிவு ஆயுதங்கள் பரவாமல் தடுக்கும் ராஜதந்திரம் என்றால் ஜெனீவா, வியன்னா, ஹேக் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த வரலாற்றின் இன்னொரு முனை எங்கள் ஸ்டோர்ஸ் அறையில் இருந்தது. அதை அருகிலிருந்து பார்த்தவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். என்னிடம் இரண்டு கடிதங்களின் நகல்கள் இருக்கின்றன. ஒன்று எங்களிடம் கேள்வி கேட்டு வந்தது. மற்றொன்று நாங்கள் கேள்வி கேட்டு அனுப்பியது. இரண்டுக்கும் நடுவே பதினைந்து ஆண்டு. இந்தியாவின் கதையும் அந்தப் பதினைந்து ஆண்டில்தான் திசை மாறியது.

முதல் கடிதம்

1998ஆம் ஆண்டின் கடைசி. பொக்ரானில் மே 11, 13 தேதிகளில் அணுகுண்டுச் சோதனை நடந்து அரையாண்டு கடந்திருந்தது. எங்கள் பரிசோதனைக் கூடத்துக் கருவி ஒன்றுக்கு உதிரிபாகம் தேவைப்பட்டது. வழக்கமாக இரண்டு வாரத்தில் அனுப்பிவிடும் வெளிநாட்டு விற்பனையாளர், அந்த முறை ஃபேக்ஸ் ஒன்றை அனுப்பினார். இந்தப் பாகத்தைக் கடைசியாகப் பயன்படுத்தப்போவது யார்? எந்த இடத்தில்? எந்த வேலைக்கு? அணு ஆயுதம், ரசாயன ஆயுதம், ஏவுகணை ஆகிய எதற்கும் பயன்படுத்த மாட்டோம், வேறு யாருக்கும் கைமாற்ற மாட்டோம் என்று உறுதிமொழி தர முடியுமா?

கூடவே ஒரு பட்டியல். அந்த நவம்பரில் அமெரிக்கா வெளியிட்ட, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உள்ளான இந்திய நிறுவனங்களின் பட்டியல். பக்கம் பக்கமாக ஓடியது. அதில் ஸ்ரீஹரிகோட்டா இருந்தது, கல்பாக்கம் இருந்தது. ஒன்று எங்களுக்கு வடக்கே, பழவேற்காடு ஏரியின் அந்தக் கரையில். மற்றது தெற்கே, சென்னையைத் தாண்டி. நடுவில் நாங்கள்.

“கட்டிங் ஆயில் பண்றவங்கள இப்படியா சார் கேப்பாங்க?” என்று மேலாளரிடம் கேட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“கேட்டதுக்குப் பதில் அடிம்மா. நகல் ஒண்ணு ஃபைல்ல வை,” என்றார்.

லெட்டர்ஹெட்டில் உறுதிமொழியை அடித்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். அனுப்பினோம். பதிலே வரவில்லை. தருகிறோம் என்றும் இல்லை, தர மாட்டோம் என்றும் இல்லை. இரண்டு முறை நினைவூட்டி எழுதிப் பார்த்தோம். கடைசியில் அம்பத்தூரில் ஒரு பட்டறைக்காரர் பழைய பாகத்தை அளவெடுத்துச் செய்துகொடுத்தார். கேள்வி கேட்டது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்ததுதான் உறுத்தியது.

ராக்கெட் தெரியும் ஊர்

அப்படி உறுத்தியது எனக்கு மட்டும் இல்லை என்பது போகப் போகத்தான் புரிந்தது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் எங்கள் பக்கத்தில் மொட்டை மாடியில் ஏறினால் போதும். வடக்கு வானத்தில் ஒரு நெருப்புப் பொட்டு கிளம்பும்; வெள்ளைப் புகை வளைந்து கடல் பக்கம் சாயும். எல்லாம் முடிந்து குழந்தைகள் இறங்கப் போகும்போதுதான் உறுமல் வந்து சேரும்.

அந்த ராக்கெட்டுக்கும் ஒரு கேள்வித்தாள் வந்திருந்தது. ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பை 1987இல் ஏழு நாடுகள் தொடங்கின. 500 கிலோ சுமையை 300 கிலோமீட்டர் தூரம் கொண்டுசெல்லக்கூடிய எதையும், அதற்கான தொழில்நுட்பத்தையும் எளிதில் கைமாற்றக் கூடாது என்பது அவர்கள் வைத்த கோடு. செயற்கைக்கோள் ஏவும் ராக்கெட்டும் அந்தக் கோட்டுக்குள்தான் வரும். கிரையோஜெனிக் எஞ்சினும் அதன் தொழில்நுட்பமும் பெற, 1991 ஜனவரியில் இஸ்ரோ சோவியத்தின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. 1992 மே மாதம் அமெரிக்கா இரண்டு நிறுவனங்கள் மீதும் இரண்டு ஆண்டுத் தடை விதித்தது. 1993இல் ரஷ்யா பின்வாங்கியது. எஞ்சின்கள் தருகிறோம், செய்முறை தர மாட்டோம் என்றது. நாமே செய்த கிரையோஜெனிக் எஞ்சினோடு ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரி 5 அன்று. அன்றைக்கு மாலையும் நாங்கள் மாடியில்தான் இருந்தோம். ஒப்பந்தம் போட்ட ஆண்டில் நான் வேலைக்குச் சேர்ந்தவள். பறந்த அன்று என் மகன் கல்லூரி முடித்திருந்தான். மறுப்பு ஒன்று எத்தனை ஆண்டுகளை விழுங்கும் என்பதற்கு என்னிடம் இருக்கும் அளவுகோல் அதுதான்.

கேள்வி கேட்ட மூன்று தமிழர்கள்

மறுக்கப்பட்டவர்களின் சார்பில் உலக மேடைகளில் பேசியவர்கள் யார் என்று தேடிப் படிக்கத் தொடங்கியபோது, நம் ஊர்ப் பெயர்கள் எதிரே வந்தன.

முதலாமவர் அரசுப் பதவி எதிலும் இல்லாத நிலையில் போனவர். 1962 செப்டம்பரில் காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவோடு ராஜாஜி வாஷிங்டன் சென்றார். ஆர். ஆர். திவாகரும் பி. சிவராவும் உடன் போனார்கள். ராஜாஜிக்கு அப்போது 83 வயது. செப்டம்பர் 28ஆம் தேதி அதிபர் கென்னடியைச் சந்தித்து, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தச் சொன்னார். குறித்த நேரத்தைத் தாண்டிப் பேச்சு நீண்டது. மறு ஆண்டு ஆகஸ்டில் காற்றிலும் விண்ணிலும் நீருக்கடியிலும் சோதனை நடத்துவதைத் தடுக்கும் ஒப்பந்தம் மாஸ்கோவில் கையெழுத்தானது. இந்தியா சில நாட்களிலேயே அதில் சேர்ந்தது. ஒரு முதியவரின் சொல்லால் மட்டும் அது வந்துவிடவில்லை. ஆனால் ஆயுதம் வைத்திருப்பவனிடம் போய், முதலில் நீ கீழே வை என்று முகத்துக்கு நேரே சொன்னவர் அவர்.

இரண்டாமவர் ஜி. பார்த்தசாரதி, கோபாலசாமி ஐயங்காரின் மகன். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் ஐ.நா.வுக்கு வந்த 1968இல் நியூயார்க்கில் இந்தியாவின் நிரந்தரப் பிரதிநிதி அவர். அதற்கு முன்பே ஜெனீவாவில் வி. சி. திரிவேதி என்ற தூதர் இந்தியாவின் வாதத்தை ஆண்டுக்கணக்கில் எடுத்துவைத்திருந்தார். 1967க்கு முன் குண்டு வெடித்த ஐந்து நாடுகள் வைத்துக்கொள்ளலாம், மற்ற எல்லோரும் தொடமாட்டோம் என்று சத்தியம் செய்து சோதனைக்கும் உட்பட வேண்டும் என்றால், கடமை ஒரு பக்கம் மட்டும்தானா என்பது அந்த வாதம். ஜூன் 12 அன்று பொதுச்சபையில் வாக்கெடுப்பு நடந்தபோது இந்தியா எதிர்த்து வாக்களிக்கவில்லை, ஆதரிக்கவும் இல்லை, விலகி நின்றது. இன்றுவரை அந்த ஒப்பந்தத்தில் சேரவும் இல்லை.

மூன்றாமவர் கே. சுப்ரமணியம். 1929இல் திருச்சியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்து, 1951இல் ஐ.ஏ.எஸ். ஆகி, சென்னை மாகாணப் பிரிவில் பணிக்கு வந்தவர். வேதியியல் மாணவர் ஒருவர் நாட்டின் பாதுகாப்புச் சிந்தனையின் முதல் பெயராக மாறியது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. டெல்லியில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தை 1968 முதல் 1975 வரையும், பிறகு 1980களிலும் நடத்தினார். நடுவில் தமிழ்நாட்டின் உள்துறைச் செயலாளராகவும் இருந்தார். பாதுகாப்பு உற்பத்தித் துறைச் செயலாளர் பதவியும் வகித்தார். அணு ஆயுதம் ஐந்து பேரின் பிறப்புரிமை ஆகக் கூடாது என்று சளைக்காமல் எழுதியவர், பின்னாளில் நாம் முதலில் பயன்படுத்த மாட்டோம் என்ற கொள்கையை எழுதிய குழுவுக்கும் தலைவராக இருந்தார். அந்த வரைவு 1999 ஆகஸ்டில் வெளியானது. அதே ஆண்டு தேடிவந்த பத்மபூஷண் விருதை, அரசு அதிகாரிகள் இத்தகைய விருதுகளை ஏற்கக் கூடாது என்று மறுத்தார். அவர் மகன் எஸ். ஜெய்சங்கர் அதே துறையில் வளர்ந்து, அமெரிக்காவோடு அணுசக்தி ஒப்பந்தப் பேச்சில் முக்கியப் பங்கு வகித்து, பிறகு வெளியுறவு அமைச்சர் ஆனார்.

ஒரே ஆண்டில் ஒரு ‘மாட்டோம்’, ஒரு ‘சரி’

இந்தத் துறையின் உயர் அதிகாரிகள் எப்போதும் மறுத்துக்கொண்டே இருந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 1996ஆம் ஆண்டைப் பாருங்கள். ஜூன் 20 அன்று ஜெனீவா ஆயுதக் குறைப்பு மாநாட்டில், முழு அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தை இந்தியா ஏற்காது என்று தூதர் அருந்ததி கோஷ் அறிவித்தார். வல்லரசுகளும் நண்பர்களும் ஒரு சேர நெருக்கிய நேரம் அது. உலகமே திரும்பிப் பார்த்த ‘மாட்டோம்’.

அடுத்த மூன்று மாதத்துக்குள், செப்டம்பர் 3 அன்று, ரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கைக்கு இந்தியா ஒப்புதல் கொடுத்தது. இரண்டு ஒப்பந்தங்களுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் இந்தியாவின் முழு நிலைப்பாடும் புரிந்துவிடும். ரசாயன உடன்படிக்கையில் ஐந்து பேருக்கு ஒரு சட்டம், மற்றவருக்கு ஒரு சட்டம் என்பது இல்லை. வைத்திருப்பவர் எல்லோரும் கணக்குக் காட்டி அழிக்க வேண்டும். அமெரிக்காவின் ஆலையும் ஆய்வுக்கு உட்பட்டது, ஆம்பூரின் ஆலையும் உட்பட்டது. 1993 ஜனவரியில் பாரிஸில் கையெழுத்துக்கு வைத்த மறுநாளே இந்தியா கையெழுத்திட்டிருந்தது.

அதற்கு நாடு கொடுத்த விலையும் உண்டு. 1997இல் தன்னிடம் ஆயிரம் டன்னுக்குச் சற்று மேல் சல்ஃபர் மஸ்டர்டு இருப்பதாக இந்தியா அறிவித்தது. அப்படி ஒன்று நம்மிடம் இருந்ததே நம் மக்களுக்கு அன்றுதான் தெரியும். 2009க்குள் அதை முழுவதும் அழித்து முடித்தது. அல்பேனியாவுக்கும் தென் கொரியாவுக்கும் அடுத்து, உலகில் மூன்றாவது நாடாக. ஹேக்கில் அமைந்த கண்காணிப்பு அமைப்பின் செயற்குழுவுக்கு முதல் தலைவராக இருந்தவர் நெதர்லாந்தில் நம் தூதராக இருந்த பிரபாகர் மேனன். பின்னாளில் ஜெனீவாவில் ஆயுதக் குறைப்புத் தூதராக இருந்த ஹமித் அலி ராவ் அந்த அமைப்பின் துணைத் தலைமை இயக்குநர் ஆனார். 2013இல் அந்த அமைப்புக்கு அமைதி நோபல் பரிசு கிடைத்தது.

உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த நாள் 1997 ஏப்ரல் 29. பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்து திருவள்ளூர் தனி மாவட்டம் ஆனதும் அதே ஆண்டில்தான். எங்கள் மாவட்டத்துக்கும் அந்த உடன்படிக்கைக்கும் ஒரே வயது.

ஸ்டோர்ஸ் அறைக்கு வந்த ஹேக்

உடன்படிக்கை என்பது தாளில் இருக்கும்வரை தூதரின் வேலை. அது ஆலைக்குள் நுழைந்ததும் எங்கள் வேலை ஆனது. இந்தியாவில் அதற்கெனத் தேசிய ஆணையம் ஒன்றை மத்திய அமைச்சரவைச் செயலகத்தின் கீழ் அமைத்தார்கள். 2000இல் நிறைவேறிய சட்டம் 2005 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. மூன்றாம் அட்டவணைப் பொருளை ஆண்டுக்கு 30 டன்னுக்கு மேல் தயாரித்தால் அறிவிக்க வேண்டும். அட்டவணையில் இல்லாத கரிம வேதிப்பொருளாக இருந்தாலும், வினை நடத்தி 200 டன்னுக்கு மேல் தயாரித்தால் அதையும் அறிவிக்க வேண்டும். எங்கள் ரியாக்டரில் எஸ்டர் தயாரித்தோம். அளவு அதைத் தாண்டியது. ஒவ்வொரு ஜனவரியிலும் போன ஆண்டின் பேட்ச் கணக்கையெல்லாம் கூட்டி, படிவத்தில் நிரப்பி டெல்லிக்கு அனுப்புவது என் பொறுப்பாக வந்தது.

2010இல் ஆய்வு வந்தது. இந்த வகை ஆலைக்கு 120 மணி நேரம் முன்னறிவிப்பு கொடுப்பார்கள். ஆய்வு ஒரு நாளுக்குள் முடிய வேண்டும். ஹேக்கிலிருந்து மூன்று பேர், டெல்லி அதிகாரிகள் துணையோடு வந்தார்கள். அறிவித்ததைத் தவிர வேறெதுவும் அங்கே நடக்கவில்லை என்று உறுதிசெய்வது அவர்கள் வேலை. ரியாக்டரைப் பார்த்தார்கள். குழாய் எங்கிருந்து எங்கே போகிறது என்று கையால் தொடாமல், கண்ணாலேயே தொடர்ந்தார்கள்.

ஸ்டோர்ஸ் வழியாகப் போகும்போது, அவர்களில் ஒருவர் நீல டிரம்மைப் பார்த்து நின்றுவிட்டார். குனிந்து சீட்டைப் படித்தார். வாங்கிப் பயன்படுத்தும் பொருளுக்கு நாங்கள் கணக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் மேலாளர், “காட்டுங்க,” என்றார். எங்கள் ஸ்டோர்ஸ் அண்ணன் இருப்பு எழுதும் ‘பின் கார்டை’ எடுத்துக்கொடுத்தார். கார்டில் இருப்பு 23 டிரம். அவர் எண்ணினார், 22 இருந்தது. மறுபடி எண்ணினார், 22தான்.

எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. அண்ணன் பதறவில்லை. மேசை டிராயரைத் திறந்து, அன்று காலை ஷிஃப்டில் போட்ட இஷ்யூ சிலிப்பை எடுத்தார். ஒரு டிரம், பிளெண்டிங் பிரிவு, நேரம் 7:40, வாங்கியவர் கையெழுத்து. கார்டில் பதிவது மாலையில், அதுதான் வழக்கம். நடந்துபோய்ப் பார்த்தோம். பிளெண்டிங் தொட்டியின் பக்கத்தில் அந்த இருபத்து மூன்றாவது டிரம், மூடி திறந்து, பாதி காலியாக நின்றது. ஆய்வாளர் அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை அண்ணன் ஓய்வு பெறும்வரை பேசிக்கொண்டிருந்தார்.

அதற்கு முன்பெல்லாம் அவர், “இன்னாம்மா, மூஞ்சில பூசுற சரக்குக்கு இவ்ளோ எழுத்தா?” என்பார். அன்றிலிருந்து சிலிப் போட்ட கையோடு கார்டிலும் பதிந்துவிடுவார். ஜெனீவாவில் ஒரு தூதர் எழுந்து, என் நாடு நம்பத் தகுந்தது என்று சொல்கிறார் என்றால், அந்தச் சொல்லைத் தாங்கிப் பிடிப்பது 7:40 என்று நேரம் எழுதிய அந்தச் சிலிப்தான். இது மிகைப்பேச்சு இல்லை. நாட்டு அளவில் அந்த ஆண்டுகளில் நடந்தது அதைத்தான் காட்டியது.

கேட்கும் இடத்துக்கு வந்தோம்

2004 தொடக்கத்தில், பாகிஸ்தானின் ஏ. கியூ. கான் அணுத் தொழில்நுட்பத்தைப் பல நாடுகளுக்குக் கடத்திய கதை வெளியே வந்தது. ஏப்ரல் 28 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபை 1540ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. பேரழிவு ஆயுதப் பொருள் அரசு சாராத குழுக்களின் கைக்குப் போகாமல் தடுக்கும் சட்டம் ஒவ்வொரு நாட்டிலும் இருக்க வேண்டும் என்றது. இந்தியா 2005இல் பேரழிவு ஆயுதச் சட்டத்தை இயற்றியது. அதற்கு முன்பே 1990களில் தொடங்கி வளர்ந்திருந்த ‘ஸ்கோமெட்’ என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு இதனால் பல் முளைத்தது. உரிமம் தருவது வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம். விண்ணப்பத்தை வெளியுறவு, அணுசக்தி, விண்வெளி, பாதுகாப்பு ஆராய்ச்சி, சுங்கம் என்று பல துறையினர் கூடி உட்கார்ந்து பார்ப்பார்கள்.

சுத்தமான கணக்கு உள்ள நாடு என்ற அந்தப் பெயரைக் கையில் வைத்துக்கொண்டுதான் நம் அதிகாரிகள் பேசினார்கள். 1974 பொக்ரான் சோதனைக்குப் பிறகு இந்தியாவைத் தடுக்கவே உருவான அணுப்பொருள் வழங்குவோர் குழு, 2008 செப்டம்பர் 6 அன்று இந்தியாவுக்கு விலக்கு அளித்தது. 2011க்குள் நம் விண்வெளி நிறுவனங்கள் அமெரிக்கப் பட்டியலிலிருந்து நீங்கின. எங்கள் ராக்கெட்டை மறித்த அதே ஏவுகணைக் கட்டுப்பாட்டு அமைப்பில் 2016 ஜூன் 27 அன்று இந்தியா உறுப்பினர் ஆனது. 2017 டிசம்பரில், மரபு ஆயுதங்களுக்கும் இரட்டைப் பயன் பொருட்களுக்குமான வாசெனார் அமைப்பு. 2018 ஜனவரி 19 அன்று, ரசாயன, உயிரியல் பொருட்களுக்கான ஆஸ்திரேலியா குழு. அணுப்பொருள் குழுவின் கதவு மட்டும் இன்னும் திறக்கவில்லை.

இரண்டாவது கடிதம்

2013இல் சென்னை வியாபாரி ஒருவர் விலை கேட்டு வந்தார். மியான்மரில் ஒரு சிமெண்ட் ஆலைக்கு டி.இ.ஏ. வேண்டும், இருபதடிக் கண்டெய்னர் ஒன்று, 80 டிரம், பதினெட்டரை டன். மேலாளருக்கு மகிழ்ச்சி. நான் பட்டியலைப் புரட்டினேன். மியான்மர் ரசாயன உடன்படிக்கையில் 1993இலேயே கையெழுத்திட்டிருந்தாலும் ஒப்புதல் கொடுத்திருக்கவில்லை. உறுப்பு நாடு என்றால் அனுப்பிவிட்டு முப்பது நாளுக்குள் தகவல் கொடுத்தால் போதும். உறுப்பினர் அல்லாத நாடு என்றால் உரிமம் வேண்டும். அந்நாட்டு அரசின் இறுதிப் பயன்பாட்டுச் சான்றும் வேண்டும்: தடை செய்யாத வேலைக்கு மட்டுமே பயன்படுத்துவோம், கைமாற்ற மாட்டோம், அளவு இவ்வளவு, பயன் இது, பயன்படுத்துபவர் பெயரும் முகவரியும் இவை.

கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது என் கை நின்றுவிட்டது. பழைய ஃபைலை எடுத்துவரச் சொன்னேன். 1998இல் எங்களிடம் கேட்ட அதே கேள்விகள். யாருக்கு, எங்கே, எதற்கு.

வியாபாரி தொலைபேசியில் வந்தார். “மேடம், சிமெண்டுக்குப் போற சரக்கு மேடம். எங்கள நம்பலையா நீங்க?” அந்தக் குரலில் இருந்த வருத்தம் எனக்குத் தெரிந்த வருத்தம். பதினைந்து ஆண்டுக்கு முன் எனக்கு இருந்தது.

“உங்கள நம்பாம இல்லீங்க. டிரம் அங்க இறங்கின பிறகு அது உங்க கையிலயும் இருக்காது, எங்க கையிலயும் இருக்காது. அதுக்குத்தான் கேக்குறோம்,” என்றேன். எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு, எந்த அட்டவணை என்று கடிதத்தில் எழுதினேன். சான்று அவரால் வாங்க முடியவில்லை. ஆர்டர் போனது. மேலாளர் ஒரு சொல் குறை சொல்லவில்லை. 2015 ஆகஸ்டில் மியான்மர் உடன்படிக்கைக்குள் வந்தது. சில மாதம் கழித்து அதே வியாபாரி மறுபடி வந்தார். 80 டிரம்மும் போயின. தகவல் கடிதமும் முப்பது நாளுக்குள் போனது.

இப்போது எங்கள் தெருவில் ஒரு பெண், பொன்னேரி அரசுக் கல்லூரியில் வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சிவில் சர்வீஸ் எழுத ஆசை. வேதியியல் படித்துவிட்டு வெளியுறவுப் பணிக்குப் போவது பொருந்துமா என்று கேட்டாள். சுப்ரமணியத்தின் கதையைச் சொன்னேன். டெல்லியில் வெளியுறவு அமைச்சகத்தின் ஆயுதக் குறைப்பு, சர்வதேசப் பாதுகாப்புப் பிரிவில் இளம் அதிகாரியாக நுழைந்து, ஜெனீவாவில் செயலாளராகக் கோப்பு தூக்கி, திரும்பிவந்து இணைச் செயலாளராகி, பிறகு அதே ஜெனீவாவுக்குத் தூதராகப் போகிறவர்கள் உண்டு என்றேன். ஹேக்கில் நம் தூதராக இருப்பவரே ரசாயன அமைப்பிலும் நம் பிரதிநிதி. வியன்னாவில் இருப்பவர் அணுசக்தி முகமையில். அவர்களோடு குவாலியரில் உள்ள பாதுகாப்பு ஆய்வகத்து விஞ்ஞானியும் உட்காருவார், காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கண்டெய்னரைத் திறந்து பார்த்த சுங்க அதிகாரியும் உட்காருவார். டிரம்முக்குள் இருப்பது என்ன என்று தெரிந்தவர்கள் அந்த மேசையில் போதவே போதாது.

பிறகு இரண்டு கடிதங்களையும் அவள் முன்னால் வைத்தேன். மெதுவாகப் படித்தாள்.

“அத்தை, ரெண்டுலயும் ஒரே கேள்விதான் இருக்கு.”

“ஆமாம்மா.”

“ஆனா ரெண்டாவதுல கீழ ஒரு வரி கூட இருக்கு.”

இருந்தது. அந்த வரியை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை; சட்டமும் கேட்கவில்லை. உங்கள் பதில் வந்த ஏழு நாளுக்குள் எங்கள் முடிவைக் காரணத்தோடு தெரிவிப்போம் என்று எழுதியிருந்தேன். வியாபாரிக்கு அப்படியே தெரிவித்தும் இருந்தோம்.

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து, அந்த ஒரு வரியை மட்டும் எழுதிக்கொண்டாள்.